மூன்று என்று எழுதிய சீட்டு

பிப்ரவரி 11

அன்புள்ள மகளுக்கு,

உன் சித்தி வந்து பொறுப்பேற்ற அன்றே, சொல்லிக்கொள்ளாமல் ஊர் திரும்பிவிட்டேன். கோபமாக இருப்பாய். காரணத்தை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அதிக ரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையின் உள்தோலைச் சுட்டுவிடுவார்கள், மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றாய். அப்படியே வந்தாய். மறுநாள் காலை வயிறு வலிக்கிறது என்றாய். உன் அம்மா இருந்திருந்தால் எங்கே, எப்படி என்று கேட்டிருப்பாள். எனக்குக் கூச்சம். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். கதவருகே தட்டில் வெந்நீர், பென்சில், சீட்டு. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மணிக்கொரு முறை நீ எழுத வேண்டும்.

பத்து மணிக்கு 3. பதினொன்றுக்கும் 3. நீ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "வாயுதான் பெரியவரே, மாத்திரை குடுங்க" என்றாள் நர்ஸ். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன். பன்னிரண்டுக்கு 3. ஒன்றுக்கு 3.

இரண்டு மணிச் சீட்டைப் பார்த்ததும்தான் உறைத்தது. எண் அதேதான், எழுதிய கை வேறு. ஐந்து சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பதினொரு மணிச் சீட்டிலேயே 3-இன் வால் நடுங்கியிருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் வங்கியில் கையெழுத்து ஒத்துப் பார்த்தவன், எண்ணைப் படித்துவிட்டுக் கையைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அதன் பிறகுதான் டாக்சி.

கருவி கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய், சூடு பட்டுக் குடலில் ஓட்டை விழுந்திருந்தது என்றார் வயிற்றைத் திறந்த டாக்டர். மூன்று மணி நேரம் என்னால் போனது. இனி உன்னைப் பார்த்துக்கொள்ள என்னை நம்பாதே, அம்மா.

அப்பா


பிப்ரவரி 19

அப்பா,

உங்க கடிதத்தை சித்திக்குப் படிச்சுக் காட்டினேன். "குற்றவாளிக் கூண்டு கிடைச்சா உங்கப்பா அதுலயே குடித்தனம் பண்ணிடுவார்"னாங்க. சிரிச்சதுல தையல் போட்ட இடம் வலிச்சது. அதுக்கும் நீங்கதான் பொறுப்பு.

நல்லாக் கேளுங்க. பதினொரு மணிக்கு எனக்கு ஏழு. ஒரு மணிக்கு ஒன்பது. நிஜத்தை எழுதினா கதவுக்கு வெளியே நின்னு வேர்த்துக் கொட்டுவீங்கன்னு நான்தான் பொய் எழுதினேன். வேலை பார்க்கிற பேக்கரியில ஆறு மாசம் ரத்தக் கறையை மறைக்க இடுப்புல சால்வையைக் கட்டிக்கிட்டு, குளிருதுன்னு சொன்னவதானே நான்?

டாக்டர் நேத்து சொன்னார். அன்னிக்கு வரிசையில காத்திருக்கச் சொன்னாங்களாம். நீங்க அஞ்சு சீட்டையும் விரிச்சு வெச்சு, "மன்னிக்கணும், யாராவது வந்து பார்க்கிற வரைக்கும் நான் நகரமாட்டேன்"னீங்களாம். பத்து நிமிஷத்துல ஸ்கேன். இன்னும் தாமதிச்சிருந்தா நான் பிழைக்கிறதே கஷ்டமா இருந்திருக்குமாம். எங்கப்பாவா! பஸ்ஸில தன் காலை மிதிச்சவன்கிட்டயே மன்னிப்புக் கேட்கிறவரா!

இப்போ எல்லாம் சாப்பிடறேன், வயிறு சொன்ன பேச்சு கேக்குது. ரத்தப்போக்கும் நின்னுபோச்சு. முதல்ல உள்தோலைச் சுட்ட அந்தக் குழாய்க்காரன் கசிவை நல்லாத்தான் அடைச்சிருக்கான், பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் இடிச்சுட்டான்.

இருபத்தாறாம் தேதி டாக்டரைப் பார்க்கணும். சித்தி வரேங்கிறாங்க. எனக்கு நீங்க வேணும். சீட்டு வேண்டாம். வாயால கேளுங்க, நானும் நிஜத்தைச் சொல்றேன்.

உங்க பொய்க்கார மகள்


பிப்ரவரி 22

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. பழக்க தோஷம், படிப்பதற்கு முன்பே உன் பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பேனா அழுந்தியிருக்கிறது, அது என்னைத் திட்டும் இடம். நடுக்கம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

இருபத்தைந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். "எங்கே வலிக்குதும்மா?" என்பது நன்றாக வருகிறது. "ரத்தம் படுதா?" என்பதில் இன்னும் கொஞ்சம் இடறுகிறது.

நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "யாருக்கு என்ன சார்?" என்றார்.

"ஒண்ணுமில்லை, என் பொண்ணு நல்லா இருக்கா" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அப்பா