முழு எடை

மார்ச் 4, திங்கள்

இல்லை, விழுந்ததால் வந்த தடம் அல்ல அது. விழுந்தால் முழங்கையில் வரும், இடுப்பில் வரும். இது மேற்கையின் உட்புறம். வரிசையாக நான்கு விரல், எதிரே ஒரு கட்டைவிரல். யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

டைப்பிஸ்ட் அம்மாவின் வலது கை. பக்கவாதம் வந்து உணர்வு செத்த பக்கம். வேலை பார்த்த காலமெல்லாம் தட்டச்சு செய்த கை அது. இப்போது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடக்கிறது. பேச்சும் போய்விட்டது. யார் இழுத்தது என்று கேட்டேன். "ம்." வலிக்கிறதா? "ம்."

இந்த முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆளை நகர்த்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை. புரட்டுவது, உட்கார வைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. முதல் நாள் நான் சொல்லும் முதல் வாக்கியம்: கையைப் பிடித்து இழுக்காதே. ஆக, யாரோ அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நேராகப் போய் இழுத்திருக்கிறார்கள்.

டைப்பிஸ்ட் அம்மாவின் அறை இருக்கும் வராந்தாவில் இப்போது பயிற்சியில் இருப்பவர்கள் இரண்டே பேர்.

மார்ச் 5, செவ்வாய்

ஒருவர், கண்டக்டர். முன்பு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவருக்கும் அது பிடித்திருக்கிறது. பயிற்சி அறையில் நான்தான் நோயாளி. கட்டிலில் படுத்து, "எனக்குப் பக்கவாதம், என்னால எதுவும் முடியாது, நாற்காலிக்கு மாத்துங்க" என்பேன். ஆளை நகர்த்தும்போது பிடித்துக்கொள்ளும் பெல்ட்டைக் கண்டக்டர் என் இடுப்பில் கட்டுவார்.

"எல்லாரும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. அம்மா ஏறணும். பாத்தும்மா, படி... ஆங், ரைட், போலாம்!"

போய்விடுகிறேன். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். இந்த மனிதரா இழுப்பார்?

இன்னொருத்தி பேசுவதே இல்லை. என்னைவிட ரொம்ப மூத்தவள். கேட்டால் பதில், இல்லாவிட்டால் சுவர். அறைக்குள் போனதும் கதவை மூடிவிடுகிறாள். எந்த அறையானாலும். மனதுக்குள் அவளைக் கதவு என்றே அழைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சி "ம்" மட்டும்தான்.

மார்ச் 7, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"கதவை ஏங்க மூடுறீங்க?"

"துணி விலகுது மிஸ். வெளிய ஆளுங்க போறாங்க, வர்றாங்க."

"திரை இருக்கே?"

"காத்தடிச்சா அதுவும் விலகுது."

பதில் தயாராக இருந்தது. ரொம்பத் தயாராக. உண்மை சொல்கிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள் என்று எங்கே படித்தேன்? எங்கேயாவது படித்தேனா?

அவள் உள்ளே வந்தபோது டைப்பிஸ்ட் அம்மா திரும்பிப் பார்த்தார். பயமா, பழக்கமா? பயம் என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

மார்ச் 8, வெள்ளி

இரவு படுக்கும்போது அக்காவிடம் சொன்னேன். சிரிக்கிறாள்.

"நீ தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடியே டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறவ. உன் கையில ஒருத்தி மாட்டினா அவ்வளவுதான்."

"தடத்தை நீ பாக்கலை."

"தத்துவத்துல எம்.ஏ. பண்ணிட்டு ஆள் தூக்கக் கத்துக் கொடுக்குறா. இதுல துப்பறியறது வேற."

"தூக்கறது இல்ல. நகர்த்தறது."

"சரிம்மா, நகர்த்து. விளக்கை அணைச்சுட்டு நகர்த்து."

மார்ச் 11, திங்கள்

தேர்வு. நான் கட்டிலில், அவர்கள் வரிசையில்.

கண்டக்டர் பாஸ். ரைட், போலாம்.

கதவு ஃபெயில். என்னை உட்கார வைத்தாள். பெல்ட்டைப் பிடித்தாள், என் முழங்காலுக்கு எதிரே தன் முழங்காலைக் கொடுத்தாள். முன்னால் சாய்த்தாள். மூக்கு கால்விரலுக்கு நேரே வந்தால்தான் இடுப்பு தானாக மேலே வரும். அது தெரிந்துதான் சாய்த்தாள். இடுப்பு வரவில்லை. திரும்பச் சாய்த்தாள். வரவில்லை. மூச்சு வாங்கியது அவளுக்கு. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரம் முடிஞ்சுது" என்றேன்.

"இன்னொரு தடவை மிஸ்."

"அடுத்த திங்கக்கிழமை."

இரண்டாம் முறையும் போனால் வேலை இல்லை. அதுதான் விதி, நான் போட்டதல்ல. தலைமை நர்ஸ் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டார். "அவ சம்பளத்துலதான் அந்த வீட்ல அடுப்பு எரியுது. பாத்துப் பண்ணும்மா." ஏன் இவர் பரிந்து பேசுகிறார்? உறவா? இருவருக்கும் நெற்றி ஒரே மாதிரி இருக்கிறதோ?

மார்ச் 12, செவ்வாய்

புதிய தடம். அதே கை, பழையதற்குச் சற்று மேலே. பழையது மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது, இது கருநீலம்.

நேற்று இரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள். நேற்று ஃபெயிலானவள் யார்? கோபம் யாருக்கு இருக்கும்? தலைமை நர்ஸிடமே சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள், அவள் தானாகவே போய்விடுவாள் என்று.

தானாகவே என்று சொன்னேன். அந்தச் சொல் இப்போது உறுத்துகிறது. ஏன் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்?

மார்ச் 14, வியாழன்

காலையிலிருந்து மாலை வரை, கண்டக்டரோடு பாஸான குழுவுக்கு மேற்பயிற்சி. வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். அக்கா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, நொண்டுற?"

"தொடை வலிக்குது."

"ஏன், எங்க ஓடின?"

"எங்கயும் ஓடலை. நாள் முழுக்கக் கட்டில்ல நோயாளியா படுத்துக் கிடந்தேன்."

"படுத்துக் கிடந்தா எப்படிடி தொடை வலிக்கும்?"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எதுவும் முடியாத ஒருத்திக்குத் தொடை எப்படி வலிக்கும்? வலிக்காது. வலிக்கிறதென்றால் அவள் வேலை செய்திருக்கிறாள். அவர் "ரைட்" சொன்னதும் நான் எந்திரிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும். அவர் என்னை எழுப்பவே இல்ல, நானே எந்திரிச்சு நானே திரும்பி நானே நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். சிரிச்சுக்கிட்டே.

அவளுக்கு? கூரையைப் பார்த்தேனே. அவள் சாய்த்தபோது முதுகால் பின்னுக்குத் தள்ளினேனா? தெரியவில்லை. தள்ளவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

இத்தனை நாள் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், கட்டிலில் படுத்திருந்தவளைச் சந்தேகப்படவில்லை.

ஆனால் இதுவும் ஒரு ஊகம்தானே. யார் என்று தெரியாமல் படுத்தால்தான் தெரியும்.

மார்ச் 15, வெள்ளி

தலைமை நர்ஸிடம் சொன்னேன்: என் கண்ணைக் கட்டுங்கள், காதில் பஞ்சு வையுங்கள். இருவரில் யாரை வேண்டுமானாலும் முதலில் அனுப்புங்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது. கையில் உறை போட்டுக்கொள்ளட்டும்.

"கண்ணாமூச்சி ஆடுற வயசாம்மா இது?" என்றார். ஆனால் துணியை இறுக்கித்தான் கட்டினார்.

முதல் ஆள். தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை வந்து நின்றது. அவசரமில்லை. முழங்கால் மடிந்தது, இடுப்பு திரும்பியது, கால் கட்டிலுக்கு வெளியே இறங்கியது. உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன்? பெல்ட்டில் ஒரு பிடி, முன்னால் ஒரு சாய்வு, முழங்காலுக்கு ஒரு முட்டு. நாற்காலி. என் உடம்பில் எதுவும் வேலை செய்யவில்லை. பயப்படவும் இல்லை.

திரும்பக் கட்டிலுக்கு வந்தேன்.

இரண்டாம் ஆள். உட்கார வைத்தது பரவாயில்லை. பெல்ட்டையும் பிடித்தது. பிறகு ஒரு காத்திருப்பு. எனக்காக. நான் எழுவேன் என்று. நான் எழவில்லை. இன்னும் காத்திருப்பு. பெல்ட்டிலிருந்து ஒரு கை விலகி மேலே ஏறியது. நான்கு விரல் உள்ளே, கட்டைவிரல் வெளியே, என் மேற்கையில். இழுத்தது.

துணியை அவிழ்த்தேன். கண்டக்டர். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. பஞ்சை எடுத்தபோது சொல்லிக்கொண்டிருந்தார்:

"என்ன மிஸ், இன்னிக்கு ரொம்ப கனமா இருக்கீங்க?"

தன் கை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

"டைப்பிஸ்ட் அம்மாவையும் இப்படித்தான் எழுப்புறீங்களா?"

"இழுக்கல மிஸ். இழுக்கக் கூடாதுன்னு தெரியும். அவங்க எந்திரிக்க மாட்டேங்குறாங்க... நீங்கல்லாம் எந்திரிக்கறீங்களே. அவங்க மாட்டேங்குறாங்க. அதான் கொஞ்சம்..."

பெல்ட்டை விட்டார். பிறகு மெதுவாக, "நீங்கதான மிஸ் பாஸ் போட்டீங்க."

குற்றம்சாட்டவில்லை. நிஜமாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தார்.

அறை மூலையில் அந்த அம்மாள், நான் கதவு என்று பெயர் வைத்தவர், கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 16, சனி

கண்டக்டரிடம் கெட்ட எண்ணம் இல்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் அனுப்பிவிடலாம். இவர் நான் சொன்னதைக் கற்கவில்லை. என் உடம்பு சொன்னதைக் கற்றிருக்கிறார். நகர்த்தப்படுகிறவர்கள் தாங்களே எழுவார்கள் என்று அது சொல்லியிருக்கிறது.

எத்தனை பேருக்குச் சொன்னது? எனக்குப் பிடித்தவர்கள், சிரிக்க வைத்தவர்கள், வணக்கம் வைத்தவர்கள். அவர்களெல்லாம் இப்போது எந்தெந்த அறைகளில்?

மார்ச் 18, திங்கள்

அந்த அம்மாளின் இரண்டாம் தேர்வு. நான் படுக்கவில்லை. தலைமை நர்ஸ் படுத்தார். "என்னை நகர்த்துறதுக்குக் கிரேன் வேணும்டி" என்று எச்சரித்துவிட்டுப் படுத்தார். கிரேன் தேவைப்படவில்லை.

பாஸ் என்றேன். பிறகு எல்லோர் முன்னாலும், போன வாரம் தப்பு என் பக்கம், என்னை நகர்த்த உங்களை நான் விடவில்லை என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றார். அவ்வளவுதான். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் அவரைப் பார்த்த மாதிரியே இனி அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். டைப்பிஸ்ட் அம்மாவைக் குளிக்க வைக்கும் நேரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்டக்டரின் பாஸை ரத்து செய்தேன். முதல் பாடத்திலிருந்து மறுபடி. அதுவரை அறைகளுக்குத் தனியாகப் போகக் கூடாது. முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. மதியம் வந்தார், பேசாமல் பெல்ட்டை எடுத்தார்.

கட்டிலில் படுத்தேன். அவர் சாய்த்தார். எழவில்லை. மறுபடி சாய்த்தார். எழவில்லை. அவருக்கு வியர்த்தது, எனக்கு அழுகை வருவது போலிருந்தது. ஒருத்தருக்கு உதவாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா? பெல்ட்டை விடவில்லை அவர். கடைசியில் ஒரு தரம் மூக்கு கால்விரலுக்கு நேரே வந்தது.

அவர் போன பிறகு, போன ஆண்டிலிருந்து நான் பாஸ் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, திரும்ப வரச் சொன்னேன்.