தொப்பி தலையில் இருக்கட்டும்

சங்கராபுரம் பக்கத்திலிருந்து
சித்திரை மாதம்

அன்பு மகன் இருசப்பனுக்கு உன் அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை.

உன் நைனா போன வாரம் வெயிலில் விழுந்துவிட்டார். பயப்படாதே, உயிருக்கு ஆபத்தில்லை, வீட்டில்தான் படுத்திருக்கிறார். ஆண்டை ராஜாங்கத்தின் கத்திரித் தோட்டத்தில் உச்சி வேளையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். விடியலில் பாய்ச்சினால் செடிக்கும் நல்லது ஆளுக்கும் நல்லது, ஆனால் மோட்டாருக்குக் கரண்டு பகலில்தான் வருகிறது. துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். ஆண்டை வந்ததும் வழக்கம்போல அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த ஆள் புளியமரத்து நிழலில், அங்கேயும் குடையை மடக்காமல், காயில் புழு விழுந்ததையும் முருங்கைக்காய் களவு போனதையும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். வெறுந்தலையோடு வரப்பில் நின்று ஆமாங்க ஆமாங்க என்று சொல்லிக்கொண்டிருந்த நைனா அப்படியே சாய்ந்துவிட்டார். "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டானா?" என்று கேட்டாராம் ஆண்டை. களை எடுத்துக்கொண்டிருந்த உன் அத்தை பெரியம்மாள்தான் ஓடிவந்து நிழலுக்கு இழுத்துப் போட்டு, வாய்க்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, "குடிக்கலீங்க ஆண்டே, தொட்டுப் பாருங்க, அடுப்பு மாதிரி கொதிக்குது" என்றாளாம். அவர் எங்கே தொடுவார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "துண்டைக் கையில வெச்சிக்கிட்டு ஏன் பெரியவரே வெறுந்தலையா நின்னீங்க?" என்று கேட்டார். "ஆண்டை நிக்கும்போது எப்டிம்மா போட்டுக்கினு நிக்கிறது" என்றார் நைனா. அந்தம்மாவுக்குப் புரியவே இல்லை. இதே ராஜாங்கம் எலெக்ஷன் வந்தால் நம் தெருவுக்குள் வந்து கையெடுத்துக் கும்பிடுகிறார், அன்றைக்கு மட்டும் யார் தலையில் துண்டு இருந்தாலும் குற்றமில்லை. இனிமேல் எடுத்தால் பார் என்று வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். "நான் எங்கடி எடுக்குறன் செல்லி, கை தானா போவுது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நீ சவுதியிலிருந்து அனுப்பின கலர் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். முதலாளி வீட்டுப் பூந்தோட்டம் அழகாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றது கண்ணில் படவில்லை. பக்கத்தில் மேஸ்திரி நிற்கிறார். உன்னோடு வேலை செய்கிற அத்தனை பேர் தலையிலும் தொப்பி இருக்கிறது. உன் தொப்பி மட்டும் உன் கக்கத்தில் இருக்கிறது. அதை எடு என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இருசா. நாம் எந்தத் தெரு என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியும்.

தாகம் எடுக்கட்டும் என்று இருக்காதே, அடிக்கடி தண்ணீர் குடி. கஞ்சியில் உப்புப் போட்டுக் குடி. முழுக்கைச் சட்டை போடு. தலை கிறுகிறுத்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போ, திட்டுகிறவன் திட்டட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. மேஸ்திரி பக்கத்தில் நிற்கட்டும், தொப்பி உன் தலையில் இருக்கட்டும். அதை உன் நைனா பார்க்கிற வரைக்கும் நான் அவரைத் தோட்டத்துக்கு அனுப்பப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லியம்மாள்