ஐந்தாம் பாகத்தில் ஒளிய இடமில்லை

மார்ச் 4, திங்கள்

கவுண்ட்டரைத் திறந்ததும் ஒரு பெரியவர் குடைக்காம்பால் கண்ணாடியைத் தட்டினார். அவர் தெருவில் மின்சாரம் இல்லை. நானே போய் வயரைப் பிடுங்கிப்போட்டு வந்து உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினார். “பதிவு பண்ணிக்கிறேன் ஐயா” என்றேன். புகார்ப் பிரிவில் இருப்பவன் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். மதியத்துக்குள் தொண்டை வறண்டுபோனது. கத்தியது அவர்கள், வறண்டது எனக்கு.

சாப்பாட்டு நேரத்தில் மச்சினனிடமிருந்து செய்தி. “மாமா, அஞ்சாம் பாகத்தோட டிரெய்லர் வெள்ளிக்கிழமை வருது. லீவு போடுங்க.” லீவாவது ஒண்ணாவது. ஆனால் அதற்குப் பிறகு சாயங்காலம்வரை யார் திட்டியதும் உறைக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

டிரெய்லர் வந்துவிட்டது.

துப்பாக்கி. இரண்டு கையிலும்.

மார்ச் 9, சனி

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

‘நிழல்நடை’ என்கிற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் நான்கு பாகங்களிலும் நம் ஆள் ஒருவரைக்கூடக் கொன்றதில்லை. விளக்கை அணைப்பான். அலமாரிக்குள் மூச்சை அடக்கி நிற்பான். காவலாளிகள் பேசிக்கொள்வதைக் கேட்பான். ஒருவனுக்குப் பல்வலி, இன்னொருவனுக்கு மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை என்ற கவலை. அவர்கள் நகர்ந்ததும் இவனும் நகர்வான். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த இருட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரிடம் சொல்வது?

புதியதில் சுவர்களை வெடிவைத்துத் தகர்க்கிறான். கூரையிலிருந்து குதித்துச் சுடுகிறான். காவலாளிகள் பேசவில்லை, சாகிறார்கள்.

வழக்கம்போல மச்சினன் மதியம் வந்தான். கல்யாணமான புதிதில் அவனும் நானும் பேச ஒன்றும் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். என் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டைப் பார்த்த அன்றுதான் அவன் வாய் திறந்தது. அதன்பிறகு ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. “நீங்க கல்யாணம் பண்ணது என்னையா, என் தம்பியையா?” என்று இவள் கேட்பாள். ரசிகர் மன்றத்தை இணையத்தில் தொடங்கியதும் நாங்கள் இருவரும்தான். அங்கே என் பெயர் தூண், அவன் பெயர் கரடி.

டிரெய்லரை என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை பார்த்தான்.

“கேவலமா இல்ல?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு மாமா.”

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

மன்றம் ரெண்டு பட்டுவிட்டது. ஒரு பக்கம் நாங்கள், பழைய ஆட்கள். ‘ஒளிவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர், அதை எடுத்துவிட்டால் இதுவும் இன்னொரு டமால் டுமீல்தான்’ என்று எழுதினேன். இன்னொரு பக்கம் நேற்று முளைத்ததுகள். “அலமாரிக்குள்ள நின்னு நின்னு கால் வலிக்குது அங்கிள்” என்று ஒருவன். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்தக் கம்பெனிக்காரன் இதையெல்லாம் படித்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருப்பான்.

கரடி எங்கள் பக்கம் வரவில்லை. ‘ஒளிந்தது போதும் என்று ஒருவனுக்குத் தோன்றக்கூடாதா?’ என்று ஒரே வரி எழுதியிருந்தான். அதற்கு விழுந்த விருப்பக் குறிகளைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. உண்மையைத்தானே எழுதவேண்டும். எரிந்தது.

மார்ச் 14, வியாழன்

அலுவலகத்தில் ஒரு பெண்மணி அழுதுவிட்டார். வீட்டில் யாருக்கோ மூச்சு மெஷின் ஓடவேண்டுமாம். லைன்மேனுக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. “நீங்க இங்க எதுக்குத்தான் உக்காந்திருக்கீங்க?” என்றார். நியாயமான கேள்வி.

மார்ச் 16, சனி

மச்சினன் வந்தான். நான்காம் பாகத்தை மறுபடி தொடங்கலாம் என்றேன். வேண்டாம் என்றான்.

“எவ்வளவு நாள்தான் மாமா ஒளிஞ்சுக்கிட்டே இருக்கிறது?”

“அது விளையாட்டுடா.”

“எனக்கும் விளையாட்டுதான். ஒரு தடவையாவது கதவை உதைச்சுத் திறந்துட்டு உள்ள போகணும்போல இருக்கு. அதுல என்ன தப்பு?”

“அப்போ வேற ஆட்டம் விளையாடு. இதைக் கெடுக்காதே.”

“ஆமா, உங்க அப்பா வீட்டு ஆட்டம்.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. எடுக்காமலே எழுந்து போய்விட்டான்.

மார்ச் 18, திங்கள்

என்ன செஞ்சுட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

போன வருடம் மச்சினன் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியில் பிள்ளைகள் அவனைப் படாத பாடு படுத்தினார்கள். அவன் நடையை நடித்துக் காட்டுவது, திரும்பினால் சாக்பீஸ் எறிவது, அழ வைத்து அதைப் படம் பிடிப்பது. ஒரு நாள் வகுப்பை விட்டு ஓடி, கழிப்பறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு, பள்ளி விட்டுக் கடைசிப் பேருந்து கிளம்பும்வரை அங்கேயே நின்றிருக்கிறான். அடுத்த நாள் ராஜினாமா. வீட்டில் ‘தூரம் அதிகம், அதான் விட்டுட்டேன்’ என்று சொல்லிவிட்டான். என்னிடம் மட்டும் சொன்னான், ஒரு சனிக்கிழமை, திரையைப் பார்த்துக்கொண்டே. நானும் திரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். இப்போது வேறு பள்ளியில் சேர்ந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் அவன் எழுதினான்: ‘தூண் அண்ணனுக்கு மாற்றம் என்றாலே பயம். வாழ்க்கையிலும் அப்படித்தான்.’ அதற்கு நூறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நான் பதில் எழுதினேன்:

‘பிள்ளைகளுக்குப் பயந்து கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்ட வாத்தியாருக்கு, விளையாட்டிலாவது யாரையாவது அடிக்க ஆசை வருவது நியாயம்தான்.’

அனுப்பிவிட்டு எழுந்து போய்க் கூட்டுக்கு உப்புச் சரியா என்று பார்த்தேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான்—

அந்தப் பழைய பள்ளிப் பையன் ஒருவன் எங்கள் மன்றத்தில் இருந்திருக்கிறான். ‘இது எங்க கணக்கு சார்தானே!’ என்று பழைய படத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டான். நான் அழிப்பதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

மார்ச் 21, வியாழன்

புதுப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று அவன் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் ஒரு கதவு வரைந்து, அதற்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்களாம். அவன் அதை அழித்துவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறான். மணி அடிக்கும்வரை நடத்தியிருக்கிறான். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் இன்று போகவில்லை.

இதையெல்லாம் மாமியார் போனில் சொல்ல, இவள் எனக்குச் சொன்னாள். யார் முதலில் எழுதியது என்று மாமியாருக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்துவிட்டது, என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். ஒத்துக்கொண்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், தொடர்ந்து மடித்தாள்.

“எனக்கே தெரியாது. அக்கான்னு எங்கிட்டகூடச் சொல்லல. உங்ககிட்டதான் சொன்னான்.”

என் சட்டைகளை மட்டும் மடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 23, சனி

வரமாட்டான் என்று தெரியும். மதியம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

மாமியார் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

“தூங்குறான் மாப்பிள்ளை.”

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சேனலை மாற்றினார்கள். எனக்கும் கேட்டது, மாமியாருக்கும் கேட்டது. இருவரும் கேட்காததுபோல் நின்றோம்.

“எழுந்ததும் நான் வந்தேன்னு சொல்லுங்க அத்தை.”

“சொல்றேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டுக்கிட்டே படுக்கிறான்” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கும் தெரிந்துவிட்டதா? அந்த ‘மாப்பிள்ளை’யில் பழைய இழுப்பு இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

மன்றத்தின் நிர்வாகப் பொறுப்பை விட்டுவிட்டேன். போகுமுன் மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட பதிவு எழுதினேன். அதற்குக் கீழேயும் ஐந்தாம் பாகத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். “தூண் சாஞ்சிடுச்சு, துப்பாக்கிக் கட்சி ஜெயிச்சிடுச்சு” என்று ஒருவன். கரடியின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

கவுண்ட்டர். கண்ணாடி. எழுதிக்கொண்டேன்.

மே 6, திங்கள்

மச்சினன் பள்ளியை விட்டுவிட்டான். இவள் சமையலறையிலிருந்தபடியே, சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஏதோ மருந்து கோடவுனில் சரக்குக் கணக்குப் பார்க்கிறானாம். பெட்டிகளைத் தவிர யாருடனும் பேச வேண்டியதில்லையாம்.

பாடம் நடத்துவது அவனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவான் என்று ஒருமுறை என் மேசையில் ரொட்டியை வெட்டி வெட்டிக் காட்டினான். தூள் தூளாகச் சிந்தியது. இவள் திட்டினாள். நாங்கள் சிரித்தோம்.

மே 25, சனி

ஐந்தாம் பாகம் வெளியாகி ஒரு வாரம் ஆகிறது. வாங்கமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். எங்கள் கட்சியில் என்னைவிடக் கடுமையாகப் பேசிய பல் டாக்டர் போன் செய்தார்.

“அவ்வளவு மோசமில்லீங்க. பழகிட்டா நல்லாவே இருக்கு. நாமதான் கொஞ்சம் ஓவரா போயிட்டோமோ?”

கொஞ்சம்.

நானும் இன்று விளையாடிப் பார்த்தேன். ஒளிய இடமே வைக்கவில்லை. அலமாரி இருக்கிறது, கதவு திறக்காது, சும்மா அழகுக்கு. ஒரு காவலாளி கத்திக்கொண்டே ஓடிவந்தான். அடித்தேன். விழுந்தான். அடுத்தவனையும். கைக்கு நன்றாகத்தான் இருந்தது. அந்தக் குடைக்காரப் பெரியவரிலிருந்து என் மேலதிகாரிவரை ஒவ்வொருவர் முகமாக வந்து போனது. அவன் சொன்னது இதைத்தான். இவ்வளவுதான் கேட்டான். இதை நான் அவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா? இதுக்காடா, இதுக்காகவா—

கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

அவனுக்கு அனுப்பிய செய்திகள் எதுவும் படிக்கப்படவில்லை. பிறந்தநாளுக்கு அனுப்பியதும் அப்படியே கிடக்கிறது. இவள் என்னோடு பேசுகிறாள். பால், சிலிண்டர், சாவி எங்கே. அதற்குக் குறை இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் இவள் சொன்னாள்: “சாயங்காலம் தம்பி வர்றான். நாலு மாசம் ஆச்சு அவனைப் பார்த்து. நீங்க கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்களேன்.” கெஞ்சவில்லை, கோபமும் இல்லை. குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்பதுபோல.

சரி என்றேன். சாயங்காலம் கிளம்பினேன். எங்கே போவது? எனக்கு என்ன ஊரெல்லாம் நண்பர்களா? தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, எங்கள் தளத்தைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே பல்பு எரிவதில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் படியேறி வரும் சத்தம். எங்கள் வாசலில் நின்றான். மேலிருந்து உச்சந்தலையும் தோளும்தான் தெரிந்தன. முடி கொட்டியிருந்தது. மெலிந்திருந்தான். இவள் கதவைத் திறந்து, “வாடா” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

உள்ளே அவர்கள் பேசியது கேட்கவில்லை. ஒருமுறை இவள் சிரித்தது மட்டும் கேட்டது. இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொசு பிடுங்கித் தின்றது. அடிக்கவில்லை, சத்தம் கேட்குமே.

இருட்டத் தொடங்கியபோது வெளியே வந்தான். அக்காவிடம் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டினான். கதவு சாத்திக்கொண்டது. இறங்குவான் என்று பார்த்தேன். இரண்டு படி இறங்கி நின்றான். மேலே பார்க்கவில்லை.

“அங்க கொசு கடிக்கலையா மாமா?”

குரலில் கோபம் இல்லை. கிண்டலும் இல்லை. என்ன இருந்தது என்று இப்போது எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

“இல்லடா” என்றேன்.

“ம்” என்றான். கைப்பிடிச் சுவரில் அவன் கை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்கிப் போய்விட்டான்.