பையில் இருந்த ஃபோன்

என்னங்க,

நீங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டும் நான் தள்ளிப்போட்ட கடைவாய்ப் பல்லை இன்று பிடுங்கிவிட்டார்கள். பெரிதாக வலியில்லை.

கூட வந்தவர் நம்பரைப் படிவத்தில் கேட்டிருந்தது. பழக்கதோஷத்தில் உங்களுடையதை எழுதிவிட்டேன்.

பல்லை எடுத்ததும் பஞ்சை வைத்து, "அரை மணி நேரம் வாயத் திறக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். எனக்குத் தலை சுற்றியதைப் பார்த்து, நர்ஸ் உங்களை அழைத்தாள்.

மடியிலிருந்த பைக்குள் உங்கள் ஃபோன் அதிர்ந்தது. ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது சத்தத்தை அணைத்து என்னிடம் கொடுத்தீர்களே, அப்படியேதான் இருக்கிறது. தினமும் சார்ஜ் மட்டும் போடுகிறேன். இத்தனை மாதத்தில் இன்றுதான் ஓர் அழைப்பு.

"சார் எடுக்கலையேம்மா. மறுபடி அடிச்சுப் பாக்கட்டுமா?"

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சரியென்று தலையாட்டினேன்.

பல் ஒன்று குறைந்த,
உங்கள் வாயாடி