தவுக்கே யாப் போட்ட கையெழுத்து

சிகாமட்
ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 5

தம்பி லோகேஸ்வரனுக்கு,

பெக்கோக் ஆலை முதலாளி தவுக்கே யாப் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒப்பந்தத் தாள் இந்த உறையிலேயே இருக்கிறது. ஆனால் நீ உன் சிங்கப்பூர்க் கம்பெனியில் எழுதிக் கொடுத்த தொகைக்குப் போடவில்லை. போனில் சொன்னால் முதல் செய்தியைக் கேட்டதும் "தேங்க்ஸ்க்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். இரண்டாவது செய்திதான் உனக்கு முக்கியம். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நான்கு நாளாக மழை. ஆறு இன்னும் கீழேதான் ஓடுகிறது.

இதில் நான் எப்படித் தலையிட்டேன் என்று கேட்பாய். ரூபினி போன் செய்தாள். அவள்மேல் கோபப்படாதே. "அண்ணி, அவருக்கு அம்பத்தொன்னு ஆச்சு. அம்பத்தெட்டுல கம்பெனிப் பங்காளிங்களையே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வருஷம் பங்காளி ஆகலன்னா இனிமே பேரே போகாது. யாப் கம்பெனி கையில இருக்கு, வருஷத்துக்கு ஆறு லட்சம் வெள்ளி ஃபீஸ் வரும்னு எழுதிக் கொடுத்துட்டாரு. அங்கேருந்து ஒரு மாசமா பதிலே இல்ல லா" என்று அழுதாள். உன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவனிடம் நீ லீவு கேட்டு நிற்பதையும் அவள்தான் சொன்னாள். நீ என்னிடம் சொன்னதில்லை.

ஆலோசனைக் கம்பெனியில் பங்காளி ஆவதற்கு வேலை தெரிந்தால் மட்டும் போதாது, சொந்தமாக வாடிக்கையாளரைக் கொண்டுவர வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. என் உரக் கடையும் அப்படித்தான். அதனால்தான் தவுக்கேயைக் காட்டிவிட்டேன். பெக்கோக் பக்கம் பனை எண்ணெய் ஆலையும் செம்பனைத் தோட்டமும் வைத்திருப்பவர், இருபது வருடமாக என்னிடம் உரம் எடுப்பவர். என் பெயரைச் சொன்னதால்தான் உனக்குக் கணக்குப் புத்தகத்தையே திறந்துவிட்டார்.

புதன்கிழமை காலை போய்ப் பார்த்தேன். ஆபீசுக்குப் போகவில்லை. லோரிகளை எடை போடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அங்கே போனேன். முக்கால் மணி நேரம் உரத்தைப் பற்றியும் அவர் பேரனைப் பற்றியும் பேசினோம். உன் பெயரை நான் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "ராணி, உன் தம்பி மூளைக்காரன். என் ஆலையில எங்கெங்க ஓட்டைன்னு ரெண்டே வாரத்துல கண்டுபிடிச்சிட்டான். பத்துல ஒம்பது சரி. அந்த ஒன்னு மட்டும் என்னைக் கொன்னுடுச்சு" என்றார்.

அந்த ஒன்று எது தெரியுமா? பெரிய திரையில் சிவப்பு நிறத்தில் நீ காட்டினாயாமே, வெள்ளக் காலத்தில் அழுகின செம்பனைக் குலைக்கும் முழு விலை கொடுப்பதால் வருடத்துக்கு இரண்டு லட்சம் நட்டம் என்று. வெள்ளம் வந்தால் ரோடு அடைபடும். வெட்டின செம்பனைக் குலை நாலு நாள் லோரியிலேயே கிடந்து கெடும். மற்ற ஆலைகள் அதை வாங்காது, வாங்கினாலும் பாதி விலைதான். தவுக்கே பிடித்தம் இல்லாமல் வாங்குவார். "அது நட்டம் இல்ல. அதுக்காகத்தான் வெயில் காலத்துல எல்லாரும் என்கிட்ட வர்றாங்க. பக்கத்து ஆலைக்காரன் டன்னுக்குப் பத்து வெள்ளி கூடக் கொடுத்தும் போக மாட்டேங்கிறாங்க" என்றார்.

நீ அதைக் காட்டியபோது எடை கிளார்க் லெட்சுமணன் தேநீர் வைக்க உள்ளே வந்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் பெக்கோக் முழுக்கப் பேச்சு: சிங்கப்பூர்க்காரன் வந்து வெள்ள விலையை வெட்டச் சொல்லிவிட்டான் என்று. மூன்று சின்னத் தோட்டக்காரர்கள் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். உனக்கு அவர் பதில் போடாததற்கு இதுதான் காரணம். கடைசியில் உன்னிடம் "பிறகு பார்க்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராமே? அதை நீ சரி என்று எடுத்துக்கொண்டாய். தவுக்கே ஒத்துக்கொண்டால் சிரிக்க மாட்டார், விலை பேசுவார்.

உன்மேல் மட்டும் தப்புச் சொல்ல மாட்டேன். இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருட வெள்ளத்தில் மாமாவின் லோரி இரண்டு, குலையோடு ஐந்து நாள் மாட்டிக்கொண்டது. உரக் கடையும் தண்ணீரில் போயிருந்த நேரம். நாற்றம் அடிக்க அடிக்க அத்தனையையும் முழு விலைக்கு வாங்கியவர் இதே தவுக்கேதான். அப்போது நீ ஹாங்காங்கில் இருந்தாய். சொன்னால் பணம் அனுப்புவாய் என்று சொல்லாமல் விட்டேன். இந்த ஆகஸ்டில் நீ ஆலைக்குப் போகும்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கூடவும் வந்திருக்க வேண்டும். அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தால் உனக்கு மரியாதை குறையும் என்று கடையிலேயே இருந்துவிட்டேன். தப்பு.

இப்போது நீ செய்ய வேண்டியது. இருபத்தொன்றாம் தேதி பங்காளிகள் கூடி உன் பெயரை எடுத்துப் பேசுவதற்கு முன், கம்பெனியில் நீ கொடுத்த தாளைத் திருத்து. ஆறு லட்சம் என்பதை அடித்துவிட்டு உள்ளதை எழுது. இதற்கு ஓட்டு விழுமா என்று எனக்குத் தெரியாது. விழாமலும் போகலாம், சும்மா ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் வராத சரக்கை வந்ததாக எழுதிப் பங்கில் உட்கார்ந்தால், மிச்சம் ஏழு வருடமும் யார் கதவைத் தட்டினாலும் உனக்குத் திக்கென்று இருக்கும். சின்ன வயதில் பொய் சொல்லிவிட்டு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தவன் நீ. உன்னால் அது முடியாது.

பங்காளி ஆகிவிட்டால் நல்லது. ஆகாவிட்டால் ரூபினியைக் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வா. எந்த முகத்தோடு வருவது என்று யோசிக்காதே. மாமா அன்று கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறார். நான் கடையில் இருப்பேன், போன் கையிலேயே இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

தவுக்கேயோடு பேசி முடித்தது இது. வருடத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வெள்ளி, இரண்டு வருடம். வெள்ள விலையில் நீ கை வைக்கக் கூடாது. மாதத்தில் இரண்டு நாள் நீயே வர வேண்டும், உன் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. முதல் தடவை வரும்போது விலகிப்போன மூன்று தோட்டக்காரர்களின் வீட்டுக்கும் நீயே போய்ப் பேச வேண்டும். என் பக்கம், அதே இரண்டு வருடத்துக்கு நான் அவருக்குக் கொடுக்கும் உரம் மூட்டைக்கு இரண்டு வெள்ளி குறைவு. அவர் மூன்று கேட்டார், இரண்டில் நிறுத்தினேன்.

உன் அக்கா
செல்வராணி