குடுத்தம்

ஜூலை 9, செவ்வாய்

கச்சான் காற்று. காயப் போட்ட மிளகாய்ச் சாக்கு இரண்டு தரம் பறந்தது. நாலு மூலைக்கும் கல் வைத்தேன்.

காலையில் கொழும்பிலிருந்து பேத்தி சஃப்னாவின் கோல். "உம்மும்மா, எடுத்துட்டாங்க!" யாரைப் பிடித்தார்கள் என்று கேட்டேன். படத்தையாம். வருசா வருசம் கொழும்பில் உலகப் படவிழா நடக்கும், எங்கெங்கோ நாட்டுப் படமெல்லாம் வரும். அதில் குறும்படப் போட்டிக்கு இவள் எடுத்த "நல்ல தண்ணி" தெரிவாகியிருக்கிறது. என் கிணற்றடியில் என்னை இருத்தி எடுத்த படம். தொண்ணூறில் புலி இயக்கம் துரத்திய மன்னார் முஸ்லிம் சனம் வள்ளத்தில் வந்து இறங்கியபோது எங்கள் மாம்புரிச் சனம் தண்ணீர் கொடுத்த கதை.

மகள் அதற்குள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன ராத்தா, நடிகையாகிட்டீங்களாம். இனி இந்த நெத்தலியெல்லாம் திம்பீங்களா?" என்றார். "தலையக் கிள்ளித் தந்தா திம்பன்" என்றேன்.

பெருமைதான். ஏன் இருக்காது? நான் அஞ்சாம் வகுப்பு. என் மகள் ஓ.எல். வரை படித்தாள். அவள் மகள் படம் எடுக்கிறாள்.

மத்தியானம் சோற்றை மூடி வைத்துவிட்டேன். நெத்தலி பூனைக்கு.

ஜூலை 11, வியாழன்

காற்று இன்றும். லுஹர் தொழுதேன், இரண்டு ரக்அத்தா நாலா என்று மறந்து திரும்பவும் தொழுதேன்.

இந்தக் கொப்பி அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால்தான் கிடக்கும். யாரும் பார்க்கிறதில்லை. இங்கேயாவது எழுத வேண்டும்.

அந்த வருசம் மழை பிந்தியது. கிணற்றில் அடி மண் தெரிந்தது. வெங்காயம் நட்டு இருபது நாள். பக்கத்துத் தென்னந்தோட்டம் முழுக்க மன்னார்ச் சனம், ஓலைக்குக் கீழே. முதல் நாள் அள்ளினார்கள், விட்டேன். இரண்டாம் நாளும் விட்டேன். மூன்றாம் நாள் வாளியைக் கயிறோடு அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஒரு பெண் வந்தாள். இடுப்பில் காய்ச்சல் பிள்ளை, கையில் செம்பு. "ராத்தா, இந்தச் செம்புக்கு மட்டும்."

"வாளி உடைஞ்சி போச்சி" என்றேன்.

வாளியிலிருந்து தண்ணீர் சொட்டி, கதவுக்குக் கீழால் கோடாக வந்தது. அவளும் பார்த்தாள். வெறும் செம்போடு போனாள்.

அவளுக்கும் மற்ற எல்லாருக்கும் தன் கிணற்றிலிருந்து அள்ளிக் கொடுத்தது அடுத்த வீட்டு மச்சி ஜெஸீமா, என் புருசனின் தங்கச்சி. கயிறு இழுத்து இழுத்து அவளுடைய இரண்டு கையும் கொப்பளித்துப் போனது. அவள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஆறு வருசம்.

படத்தில் பேத்தி ச. கேட்டாள்: "அவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா உம்மும்மா?" நான், "குடுத்தம்." குடுத்தம் என்றுதான் சொன்னேன், குடுத்தன் என்று சொல்லவில்லை. கடைசி எழுத்து ம். மச்சியும் நாங்கள்தானே, ஊரும் நாங்கள்தானே. அஞ்சாம் வகுப்பென்றாலும் எழுத்தில் எனக்குப் பிழை வராது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். "கை கொப்பளிச்சிப் போச்சி மகள்" என்றும் சொன்னேன். கையை விரித்துக் காட்டவும் செய்தேன். கமெராவைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

அதற்கு ஒரு எழுத்தும் சாட்டு இல்லை.

ஜூலை 13, சனி

கொழும்புக்குக் கொண்டுபோக:
– வெள்ளைச் சல்வார் இல்லை, பச்சைச் சாரி (மகள் சொல்)
– பிரஷர் குளிசை
– ச.-வுக்கு நெத்தலிப் பொரியல், ஒரு போத்தல்
– குளிருக்குச் சால்வை. அங்கே ஏசியாம்

சொல்லிவிடுவோம் என்று ச.-வுக்கு நானே கோல் எடுத்தேன்.

"மகள், அந்தப் படத்துல சும்மா ஒரு கதை சேர்த்துச் சொன்னா என்ன செய்வாங்க?"

"சேர்க்க ஏலாது உம்மும்மா. இது விவரணப்படம், நடந்தது மட்டும்தான். பொய் எண்டு தெரிஞ்சா போட்டியிலிருந்தே எடுத்துருவாங்க. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா. கீழ இங்கிலீசுல எழுத்து ஓடுமே, நான் 'குடுத்தம்' எண்டதுக்கு என்ன போட்டே?"

"'நான் குடுத்தேன்' எண்டு. 'நாங்க' எண்டா ஆக்களுக்குப் புடிபடாது. உங்கட கைதானே அந்தப் படமே."

ம் போய்விட்டது. உலகத்துக்கே இப்போது ன்.

பிறகு இன்னொன்று சொன்னாள், சந்தோசமாக. தில்லையடியில் கதீஜா என்று ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறாளாம். தொண்ணூறில் எங்கள் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் கைப்பிள்ளையோடு இருந்தவராம். படம் காட்டுகிற நாளைக்கு அவரும் வருகிறாராம். "உங்களக் கண்டா அழுவாங்க உம்மும்மா!"

கோலை வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன். கறிக்குத் தேவையில்லாத அளவு.

ஜூலை 19, வெள்ளி

கொழும்பு. மழைத் தூறல். தெமட்டகொடையில் மருமகனின் சொந்தக்காரர் வீட்டில் தங்கல்.

படம் காட்டியது பின்னேரம் மூன்று மணிக்கு. மண்டபம் பெரிது, குளிர், சால்வை போதாது. வாசலில் சிவப்பு விரிப்பு, செருப்பைக் கழற்றப் போனேன், ச. சிரித்துத் தடுத்தாள். வெள்ளைக்காரர், சீனாக்காரர் மாதிரி ஆட்கள், எல்லாருடைய கழுத்திலும் பெயர் மட்டை. எனக்கும் ஒன்று போட்டார்கள். மூன்று நடுவர்கள் முன் வரிசையில் பேனையோடு.

கதீஜா எனக்குப் பக்கத்துக் கதிரை. முகம் எனக்கு மறந்திருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஸலாம் சொன்னார். காய்ச்சல் பிள்ளைக்கு இப்போது தில்லையடியில் பலசரக்குக் கடையாம். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனதார.

விளக்கு அணைந்தது. என் முகம் ஒரு வீட்டளவு. பிறகு என் கை, சுருக்கமெல்லாம் வாய்க்கால் மாதிரி. பின்னால் ஒரு பெண் மூக்குறிஞ்சி அழுதாள். நான் மடியில் கிடந்த கையைச் சால்வைக்குள் ஒளித்தேன்.

கை தட்டினார்கள். எழும்பி நின்று தட்டினார்கள். ச. என்னையும் எழுப்பிவிட்டாள்.

தட்டுகிற சத்தத்துக்குள் கதீஜா என் காதுப் பக்கம் குனிந்தார்.

"வாளிய எப்ப திருத்தினீங்க ராத்தா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே தேத்தண்ணி தந்த இடத்தில் அவர் கையைப் பிடித்தேன். "பொருந்திக்கொள்ளுங்க கதீஜா. அல்லாவுக்காக மன்னிச்சிப் பொருந்திக்கொள்ளுங்க."

"நான் அண்டைக்கே பொருந்திட்டன். உங்கட மச்சி தந்தாதானே, புள்ள பொழச்சான்தானே. எனக்கு உங்களோட ஒண்டுமில்ல." தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "மச்சிட கைய எடுத்துக்கிட்டீங்களே, அவக்கிட்ட எப்பிடிக் கேப்பீங்க? இந்தப் புள்ளையும் நாளைக்கு அந்தக் கைக்குப் பரிசு வாங்கப் போறாள்."

ச. தூரத்தில், பெயர் மட்டைக்காரர்களோடு. எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். நாங்கள் பழைய கதை பேசுகிறோம் என்று நினைத்திருப்பாள்.

ஜூலை 20, சனி

சுபஹுக்குப் பிறகு மழை விட்டது. பின்னேரம் பரிசளிப்பு. ச. சாரி அயன் பண்ணிக்கொண்டிருந்தாள், அப்போது சொன்னேன். மழை பிந்தியதிலிருந்து வாளி வரைக்கும். அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கையுமா?"

"ஓம். கையும்."

"ஏன் உம்மும்மா?"

"நீ கமெராவுக்குப் பின்னால இருந்து அப்பிடிப் பார்த்தே. அந்தப் பார்வைக்கு உம்மும்மா நல்லவளா இருக்கணும் எண்டு நெனச்சிட்டன்."

அயன் பெட்டியின் வயரைச் சுருட்டினாள், அவிழ்த்தாள், சுருட்டினாள். பிறகு விழா நடத்துகிறவர்களின் கந்தோருக்குப் போய்வருகிறேன் என்று தனியாகப் போனாள். பகல் வரவில்லை. ஃபோனும் இல்லை. வீட்டுக்காரப் பிள்ளை, "மாமி, பயமா? பரிசு கட்டாயம் கிடைக்கும்" என்று பிஸ்கட் தந்தது.

நாலு மணிக்கு வந்தாள். படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளாகவே போய்ச் சொன்னதால் மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஒரு நடுவர் முகத்தைப் பார்க்கவே இல்லையாம்.

பரிசளிப்புக்குப் போகாமல் இருப்போம் என்றேன். "போவம்" என்றாள். போனோம். பச்சைச் சாரிதான் உடுத்தேன். பரிசு ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவரைப் பற்றிய படத்துக்கு, எந்த நாடென்று விளங்கவில்லை. ச. கை தட்டினாள். நானும் தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

ஜூலை 24, புதன்

வீடு. காற்று குறைவு. நாலு நாள் தண்ணீர் ஊற்றாமல் கத்தரி வாடிக் கிடக்கிறது.

மகள் என்னோடு சரியாகக் கதைக்கிறதில்லை. சொன்ன ஒரே வார்த்தை: "பொய் சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு இன்னும் ரெண்டு நாள் பொத்திக்கொண்டு இருக்கத் தெரியாதா உம்மா?" பிறகு கோப்பையைப் பலமாகக் கழுவினாள்.

மீன்காரர் பரிசைப் பற்றிக் கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு பொய்தான், சின்னது. நாளைக்கு அவரிடமும் சொல்ல வேண்டும்.

ஜெஸீமாவை அடக்கிய கபுறடிக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வீட்டில் இருந்தே யாசீன் ஓதினேன். அவளுக்குக் கேட்குமோ, பொருந்துவாளோ.

ச.-வின் மெசேஜ், மகள் வாசித்துக் காட்டினாள்: இன்று பின்னேரம் கமெராவோடு வருகிறாளாம், கதீஜாவையும் கூட்டிக்கொண்டு. படத்தைத் திரும்ப எடுக்கப் போகிறாளாம். எந்த விழாவுக்கு என்று சொல்லவில்லை. "உம்மும்மாவ வாளியோட இருக்கச் சொல்லுங்க." அந்தத் தகர வாளி எப்போதோ துருப்பிடித்துப் போனது. இப்போது பிளாஸ்டிக், நீலம். அதைக் கழுவிக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அஸருக்குப் பிறகு கிணற்றடியில் தனியாக இருந்து சொல்லிப் பார்த்தேன். "குடுக்கல்ல." சொன்ன பிறகுதான் விளங்கியது. இந்தச் சொல்லில் ன்-உம் இல்லை, ம்-உம் இல்லை. யார் குடுக்கவில்லை என்று இது சொல்லாது. எவரும் இதற்குள் ஒளிந்துகொள்ளலாம்.

நான் என்று முன்னுக்கு வைத்துத்தான் சொல்ல வேண்டும். நான் குடுக்கல்ல. நான்

ஓட்டோ சத்தம். வந்துவிட்டார்கள்.