உன் இலைக்குக் கருவாட்டுக் குழம்பு

அன்புள்ள சரசக்கா,

ஒத்தக்கடை வீட்டில் எல்லோரும் சுகம். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நம் இருவரில் நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் மகள் செல்வி என்னைவிட வளர்ந்துவிட்டாள். வாய் மட்டும் உன்னுடையது, யாராலும் அடக்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் மார்புக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். அவர் சொல்லாத பத்தியத்தை நம் மாமியார் வைத்தார். புளி ஆகாது, மீன் வாடையே ஆகாது. மூன்றாம் மாதம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு கருவாடு கேட்டாய். அத்தை மேலூர் சந்தைக்குப் போன நாளில் குழம்பு வைத்துக் கொடுத்தேன். தட்டை வழித்துத் தின்றாய்.

கட்டி திரும்ப வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அறுபது வயது அம்மாளுக்குக் கேட்ட அதே மாத்திரை, முப்பத்துநாலு வயது உனக்குக் கேட்கவில்லை. குழம்பு வாடை அத்தைக்கு எப்படித்தான் தெரிந்ததோ, நீயே வைத்துத் தின்றதாக நினைத்து, நாக்கை அடக்கியிருந்தால் பிழைத்திருப்பாய் என்று சாவு வீட்டிலேயே சொன்னார். நான்தான் உன்னைக் கொன்றேன் என்று நம்பினேன். ஆனாலும் வாயைத் திறக்காமல், பழியை உன்மேலேயே விழவிட்டேன். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

போன மாதம் செல்வி கேட்டாள், "எங்கம்மா ஆசைப்பட்டுத் தின்னுதான் செத்துச்சா சித்தி?"

தாங்க முடியவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போய் அதே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"கருவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எல்லாக் கட்டியும் ஒண்ணு இல்ல. சிலது இந்த மாத்திரைக்கு மசியும், சிலது மசியாது. நாங்க படிச்ச புத்தகமெல்லாம் வெள்ளைக்காரப் பொம்பளைகளப் பாத்து எழுதுனது. இங்க சின்ன வயசுலயே நிறையப் பேருக்கு வருது. அது ஏன், அதுக்கு எது கேக்கும்னு நம்ம பொம்பளைகளப் பாத்து இன்னும் யாரும் முழுசா எழுதல."

அப்படியென்றால் உன்னைப் போன்றவளைப் பார்க்காமல் எழுதியதை வைத்துத்தான் உனக்கு வைத்தியம் நடந்ததா அக்கா? கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையையும் செல்வியையும் உட்காரவைத்து, கருவாடு கொடுத்தது நான்தான் என்பதில் தொடங்கி எல்லாம் சொன்னேன். செல்வி என் மடியில் படுத்து அழுதாள். 

பிறகு அத்தை சொன்னார், "ஆறு வருசமா அவ படையல்ல அதை வைக்காமயே விட்டுட்டமேடீ. இந்த வருசம் வையி. காரம் தூக்கலா வையி, அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்."

வைக்கிறேன் அக்கா. செல்விக்கு உடம்பில் எங்காவது கட்டி தட்டுப்பட்டால் கூச்சப்படாமல் என்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவேன். உன்னை மாதிரி அவளும் எட்டு மாதம் மறைத்துவைக்க விடமாட்டேன். உன் நாக்கைக் குறை சொல்லவும் இனி ஒருவரையும் விடமாட்டேன்.

இந்தத் தடவை நீ ஒளிந்து சாப்பிட வேண்டாம். அத்தையே பரிமாறுவார்.

உன் ஓரகத்தி,
மீனா